செங்கோட்டை யாருடைய சொத்து?

ஐந்நூறு ரூபாய் நோட்டைத் திருப்பிப் பாருங்கள். 2016-ல் வெளிவந்த அந்த நோட்டின் பின்புறத்தில் ஒரு கோட்டையின் படம் இருக்கிறது. அதுதான் டில்லிச் செங்கோட்டை. கூலி நாளில் ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் நம் கைக்கு வந்து, மறுநாளே மளிகைக் கடைக்கும் வட்டிக்காரனுக்கும் போய்ச் சேருகிற படம் அது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 15-ந் தேதி பிரதம மந்திரி கொடியேற்றிப் பேசுகிற இடமும் அதுவே.

இந்தக் கோட்டையைப் பற்றி நாட்டில் மூன்று விதமான பேச்சு நடக்கிறது.

முதல் பேச்சு, ராஜபக்திக்காரர்களுடையது. ஷாஜஹான் சக்கரவர்த்தியின் பொற்காலம், அவருடைய கலை உள்ளம், அவருடைய தாராளம் என்று இவர்கள் பாடுகிறார்கள். இரண்டாவது பேச்சு, மதவெறியர்களுடையது. இது அன்னியன் விட்டுப்போன அடிமைச் சின்னம் என்று ஒரு நாள் சொல்கிறார்கள். இதை மொகலாயன் கட்டவே இல்லை, அவனுக்கு முன்பே இந்து ராஜா கட்டிய கோட்டை இது என்று மறுநாள் சொல்கிறார்கள். மூன்றாவது பேச்சு, முதலாளிகளுடையது. பழைய கட்டடத்தைப் பராமரிக்க சர்க்காரால் ஆகாது, எங்களிடம் விடுங்கள் என்கிறார்கள் இவர்கள்.

மூன்று பேச்சிலும் ஓர் ஆளைக் காணவில்லை. செம்பாறையை வெட்டிய கல்தச்சனைக் காணோம். மண் சுமந்த கூலியைக் காணோம். இவர்கள் அத்தனை பேருக்கும் சோறு போட்ட, அத்தனை செலவுக்கும் வரி அளந்த குடியானவனைக் காணோம். இது மறதியால் நேர்ந்தது என்று நாம் நம்பவில்லை. அந்த ஆளைக் கணக்கில் சேர்த்துவிட்டால் மூன்று பேச்சும் நிற்காது. ஆகவேதான் அவனை விட்டுவிட்டுப் பேசுகிறார்கள்.

அவனைச் சேர்த்துக்கொண்டு இந்தக் கோட்டையின் சரித்திரத்தை நாம் பார்ப்போம்.

ஒரு கோடி ரூபாய் எங்கிருந்து வந்தது?

தலைநகரை ஆக்ராவிலிருந்து டில்லிக்கு மாற்ற ஷாஜஹான் முடிவு செய்தார். 1639-ல் யமுனைக் கரையில் புதிய கோட்டைக்கு அஸ்திவாரம் போட்டார்கள். 1648-ல் வேலை முடிந்தது. உஸ்தாத் அகமது, உஸ்தாத் ஹமீத் என்ற இரண்டு தலைமைக் கொத்தனார்களின் பெயர் மட்டும் சரித்திரத்தில் நின்றிருக்கிறது. ஒன்பது வருஷம் வேலை செய்த மற்றவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. செலவு மட்டும் ஏறியிருக்கிறது. ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய். மதிலுக்குப் பாதி, உள்ளே இருக்கும் மாளிகைகளுக்குப் பாதி.

அந்தக் காலத்து ஒரு கோடி! சக்கரவர்த்தி அதைச் சம்பாதித்தாரா? அவர் உழவில்லை, நெய்யவில்லை. மொகலாய சாம்ராஜ்யத்தின் வருமானம் நிலவரி. பல இடங்களில் அது விளைச்சலில் பாதியை எட்டியது. விதைத்தவனுக்குப் பாதி, வேடிக்கை பார்த்தவனுக்குப் பாதி. அப்படி வசூலான பணமும் நாட்டுக்குத் திரும்பவில்லை. ஷாஜஹான் காலத்து ஜாகீர்க் கணக்குகளை சரித்திர ஆசிரியர்கள் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். மொத்த வரி வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு, ராஜகுமாரர்களும் பெரிய மன்சப்தார்களுமான சில நூறு பேரின் கைக்கே போயிருக்கிறது. கோடிக்கணக்கான குடியானவர்கள் ஒரு பக்கம். ஒரு கிராமத்துத் திருவிழாவில் அடங்கிவிடுகிற கூட்டம் மறுபக்கம்.

"பொற்காலம்" என்று பாடுகிறவர்களை ஒரு கேள்வி கேட்கிறோம். 1630 முதல் 1632 வரை குஜராத்திலும் தக்காணத்திலும் என்ன நடந்தது? மழை பொய்த்தது, பஞ்சம் வந்தது. ஷாஜஹானின் அரண்மனைச் சரித்திரக்காரர் அப்துல் ஹமீத் லாகோரி அதை எழுதி வைத்திருக்கிறார். ஒரு ரொட்டிக்காகத் தன்னையே விற்க ஆள் இருந்தது. வாங்க ஆள் இல்லை. செத்தவர் எலும்பை இடித்து மாவில் கலந்து விற்றார்கள். ராஜாவின் சம்பளத்தில் இருந்தவரே இப்படி எழுதினார் என்றால் உண்மை எப்படி இருந்திருக்கும்!

சக்கரவர்த்தி என்ன செய்தார்? பர்ஹான்பூரில் திங்கட்கிழமைதோறும் 5,000 ரூபாய் தர்மம் செய்தார். இருபது திங்கட்கிழமைகள், ஒரு லட்சம் ரூபாய். ஆமதாபாத்துக்கு இன்னொரு 50,000 ரூபாய். ஆக ஒன்றரை லட்சம். இதே லாகோரி மயிலாசனத்தின் கணக்கையும் கொடுத்திருக்கிறார். ரத்தினம் பதித்த அந்தச் சிம்மாசனத்தைச் செய்ய ஏழு வருஷம் பிடித்தது, 1635-ல் முடிந்தது, அதன் செலவு ஒரு கோடி ரூபாய். பஞ்சம் நடந்த அதே வருஷங்களில்தான் தட்டார்கள் அந்தச் சிம்மாசனத்துக்குத் தங்கம் அடித்துக்கொண்டிருந்தார்கள். சிம்மாசனத்துக்கு நூறு ரூபாய் என்றால், பட்டினியால் செத்தவனுக்கு ஒன்றரை ரூபாய். பொற்காலத்தின் வரவு செலவு இதுதான்.

"எழுபது லட்சம் ரூபாய் வரியைத் தள்ளுபடி செய்தாரே!" என்பார்கள். உண்மைதான். சர்க்கார் நிலத்து வருமானத்தில் பதினொன்றில் ஒரு பங்கு தள்ளுபடி என்று லாகோரி எழுதியிருக்கிறார். ஆனால் ஊரே காலியாகிவிட்ட நிலத்தில் யாரிடம் வசூலிப்பது? செத்தவன் வரி கட்டமாட்டான் என்று ஒப்புக்கொள்வதற்குப் பெயர் தயாளம் அல்ல. மீதிப் பத்துப் பங்கைக் கேட்பதை அவர்கள் நிறுத்தவில்லை என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது.

அந்த மயிலாசனத்தைத்தான் பிறகு டில்லிக் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள்.

மதில் சொல்லும் சேதி

கோட்டையின் அமைப்பைப் பாருங்கள். கோணல் எட்டுப் பட்டை வடிவம். கிழக்கிலும் மேற்கிலும் நீண்ட பக்கங்கள். மதிலின் சுற்றளவு இரண்டு கிலோ மீட்டருக்கும் அதிகம். கிழக்கே அப்போது யமுனை ஓடியது. மேற்கே நகரம். ஆற்றுப் பக்கம் மதிலின் உயரம் 18 மீட்டர். நகரத்துப் பக்கம் 33 மீட்டர்! ஆற்றுப் பக்கம் ஆறே காவல், அங்கே காற்றும் காட்சியும் வேண்டும் என்று காரணம் சொல்வார்கள். இருக்கட்டும். குடிஜனம் வசிக்கிற பக்கம்தான் ராஜாவுக்கு உயரமான மதில் தேவைப்பட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மேற்கே லாகோரி வாசல். அதன் வழியாக நுழைந்தால் மேலே கூரை வளைத்த கடைவீதி. பட்டும் நகையும் விற்ற அந்தக் கடைகள் அரண்மனைக்காரர்களுக்காக வைத்தவை. அதைத் தாண்டினால் நகரா மேளம் கொட்டுகிற நௌபத்கானா. அங்கே ராஜ வம்சத்தார் தவிர மற்ற யாரும் குதிரையையோ யானையையோ விட்டு இறங்கி நடக்க வேண்டும். அப்பால் திவானி ஆம் என்ற பொதுக் கொலு மண்டபம். பெயர்தான் பொது. ஆளுயரத்துக்கு மேலே சலவைக்கல் மாடத்தில் சக்கரவர்த்தி; கீழே மனு வாங்க மந்திரிக்கு ஒரு கல் மேடை; வெள்ளிக் கம்பித் தடுப்புக்குள் பிரபுக்கள்; அதற்கு வெளியே சில்லறை உத்தியோகஸ்தர்கள்; கடைசியில் ஜனங்கள். அதற்கும் உள்ளே திவானி காஸ். அது பொறுக்கியெடுத்த சிலருக்கு மட்டும். அதன் சுவரில், இதுவே பூலோக சொர்க்கம் என்ற கருத்தில் பாரசீகப் பாட்டைப் பொன்னெழுத்தில் பொறித்து வைத்தார்கள். அதற்கும் அப்பால் அந்தப்புரம். வாசலுக்கு வாசல் ஆளைச் சலித்து, ஒரே ஒரு குடும்பத்தில் கொண்டுபோய் நிறுத்துகிற சல்லடை இந்தக் கட்டடம்.

தண்ணீரையும் பாருங்கள். பதினாலாம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் காலத்தில் வெட்டிய யமுனைக் கால்வாய் தூர்ந்து கிடந்தது. ஷாஜஹான் காலத்தில் அதைத் திரும்ப வெட்டி டில்லி வரை நீட்டினார்கள். சாந்தினி சௌக் வீதியிலும் அது ஓடியது. பிறகு கோட்டையின் வடகிழக்கு மூலையில் நுழைந்து, சலவைக்கல் சரிவில் விழுந்து, குளியலறை, கொலு மண்டபம், படுக்கையறை, அந்தப்புரம் என்று மாளிகைக்கு மாளிகை ஓடியது. ரங்க் மகாலில் தாமரைப் பூவாகச் செதுக்கிய தொட்டியில் பொங்கியது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் சொர்க்க ஓடை. கடைமடைக்குத் தண்ணீர் எட்டாமல் பயிர் கருகுவதைக் கண்ணால் பார்க்கிற விவசாயத் தொழிலாளிக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கால்வாயை வெட்டியவன் வேறு. கால் நனைத்தவன் வேறு.

நாம் அழகை வெறுக்கிறவர்கள் அல்ல. அந்தச் சலவைக்கல்லில் வண்ணக்கல் பதித்த பூக்கள் உலகத்தில் எவரும் மெச்சத் தகுந்தவை. அவை எந்த ராஜாவின் விரலிலிருந்தும் மலரவில்லை என்பதுதான் நம் கட்சி. ஷாஜஹானின் இன்னொரு கட்டடமான தாஜ்மகாலின் கற்களில் நட்சத்திரமும் அம்பும் மீனும் பூவுமாகச் சின்னச் சின்னக் குறிகள் இருக்கின்றன. கல்தச்சர்கள் தங்கள் வேலைக்கு அடையாளமாக வெட்டிய குறிகள் அவை. பெயரை எழுத இடம் கொடுக்காத கல்லில் அவர்கள் தங்கள் இருப்பை எழுதிவிட்டுப் போனார்கள்.

கோட்டைக்குள் ஒரு தொழிற்சாலை

பிரான்சு தேசத்து வைத்தியர் பெர்னியர் அவுரங்கசீப் காலத்தில் டில்லியில் வாழ்ந்தவர். கோட்டைக்குள் இருந்த கார்கானாக்களைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். வட இந்தியாவில் இன்றும் தொழிற்சாலைக்கு அந்தச் சொல்தான் வழங்குகிறது. ஒரு கூடத்தில் பூவேலைக்காரர்கள், ஒரு கூடத்தில் தட்டார்கள், ஒரு கூடத்தில் ஓவியர்கள். தச்சர்கள், கடைசல்காரர்கள், தையற்காரர்கள், செருப்புத் தைக்கிறவர்கள், பட்டும் மெல்லிய மஸ்லினும் நெய்கிறவர்கள் என்று கூடம் கூடமாக வேலை. காலையில் வருவார்கள், மாலையில் வீடு போவார்கள், வாழ்நாள் முழுவதும் இதுவே. பூவேலைக்காரன் மகன் பூவேலைக்காரன். தட்டான் மகன் தட்டான். பிறந்த நிலையிலிருந்து ஓர் அங்குலம் உயர வழியில்லை என்கிறார் பெர்னியர். வெளியே பிரபுக்கள் வீட்டில் வேலை செய்தவன் நிலை இதைவிட மோசம். கொடுத்த கூலியை வாங்கிக்கொள்ள வேண்டும். வாய் திறந்தால் சாட்டை.

டில்லியில் நடுத்தர நிலை என்பதே இல்லை, மிக உயர்ந்த பிரபுவாக இருக்க வேண்டும் அல்லது பரம ஏழையாக இருக்க வேண்டும் என்றும் அவர் கண்டார். 1663-ல் எழுதிய கடிதத்தில் இன்னொரு செய்தி சொல்கிறார். அதற்கு முந்திய வருஷத்தில் மூன்று தீ விபத்துகளில் டில்லியில் 60,000-க்கு மேற்பட்ட கூரைகள் எரிந்துபோயின. கோட்டைக்குள் சொர்க்க ஓடை. கோட்டைக்கு வெளியே மண்சுவரும் ஓலைக் கூரையும்!

பெர்னியர் அன்னியர், மிகைப்படுத்தினார் என்று ராஜபக்தர்கள் தப்பிக்கப் பார்ப்பார்கள். சரி, அவர் சொன்னதில் பாதியைத் தள்ளிவிடுவோம். அரண்மனை ஏட்டிலேயே உள்ள ஒன்றரை லட்சத்தையும் ஒரு கோடியையும் என்ன செய்வார்கள்?

ஊரைக் காக்காத மதில்

கோட்டை எதற்கு? எதிரி வந்தால் நாட்டைக் காக்க என்று பள்ளிப் புத்தகம் சொல்கிறது. காத்ததா?

1739-ல் பாரசீகத்திலிருந்து நாதிர் ஷா படையெடுத்து வந்தான். மொகலாயப் படை கர்னாலில் தோற்றது. சக்கரவர்த்தி முகமது ஷா அவனைத் தன் கோட்டைக்கே அழைத்துவந்து குடிவைத்தார். மார்ச்சு 22-ந் தேதி நாதிர் ஷாவின் சிப்பாய்கள் டில்லி வீதிகளில் இறங்கி வெட்டினார்கள். ஒரே நாளில் பல ஆயிரம் ஜனங்கள் மாண்டார்கள். 33 மீட்டர் மதிலில் ஒரு செங்கல்கூட அவர்களைக் காக்க முன்வரவில்லை. மயிலாசனத்தையும் கோகினூர் வைரத்தையும் நாதிர் ஷா வண்டி கட்டி ஏற்றிக்கொண்டு போனான். குடியானவனிடம் பிடுங்கியதை ஒரு கொள்ளைக்காரனிடமிருந்து இன்னொரு கொள்ளைக்காரன் பிடுங்கினான். செத்தது ஜனம், பிழைத்தது சக்கரவர்த்தி.

பிறகு வரிசையாக வந்தார்கள். 1760-ல் மராட்டியத் தளபதி சதாசிவ ராவ் தன் படைக்குச் சம்பளம் கொடுக்க திவானி காஸின் வெள்ளி விதானத்தைப் பெயர்த்து உருக்கினார். 1788-ல் குலாம் காதர் என்ற ரோஹில்லாத் தலைவன் அதே கோட்டைக்குள் சக்கரவர்த்தி ஷா ஆலத்தின் கண்களைப் பிடுங்கினான். நாதிர் ஷாவும் முஸ்லிம். முகமது ஷாவும் முஸ்லிம். குலாம் காதரும் முஸ்லிம். ஷா ஆலமும் முஸ்லிம். மதச் சண்டை என்று இதற்குப் பெயர் சூட்டுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். கொள்ளைக்கு மதம் கிடையாது. 1803-ல் கிழக்கிந்தியக் கம்பெனி டில்லியைப் பிடித்தது. சக்கரவர்த்தி கம்பெனியின் பென்ஷன்காரர் ஆனார்.

சிப்பாய்கள் நுழைந்த நாள்

இந்தக் கோட்டையின் சரித்திரத்தில் நம் ஆள் முன்வாசல் வழியாக நுழைந்த நாள் ஒன்று உண்டு. 1857 மே 11. மீரட்டில் கலகம் செய்த சிப்பாய்கள் இரவோடு இரவாகக் குதிரையில் வந்து கோட்டையை அடைந்தார்கள். யார் இந்தச் சிப்பாய்கள்? அயோத்தியிலும் அதைச் சுற்றிய ஜில்லாக்களிலும் உழுகிற குடும்பங்களின் பிள்ளைகள். கம்பெனியின் நிலவரியில் தன் ஊர் வேகிறதைப் பார்த்துவிட்டு, கம்பெனியின் துப்பாக்கியைக் கம்பெனியின் பக்கமே திருப்பியவர்கள். அவர்களில் இந்துவும் இருந்தார், முஸ்லிமும் இருந்தார். எண்பதைத் தாண்டிய கிழவர் பகதூர் ஷாவைத் தங்கள் தலைவர் என்று அறிவித்தார்கள்.

டில்லியை நிர்வகிக்க அவர்கள் பத்துப் பேர் கொண்ட ஒரு சபையை ஏற்படுத்தினார்கள். ஆறு பேர் படையிலிருந்து. நான்கு பேர் குடிமக்கள் தரப்பிலிருந்து. ஒரே குடும்பத்துக்காகக் கட்டிய கோட்டையின் நிழலில் சிப்பாய்கள் கூடி யோசனை செய்து முடிவெடுக்க முயன்றார்கள்! அதில் குழப்பம் இருந்தது, பணம் இல்லை, வெடிமருந்து போதவில்லை. ஆனால் அந்த நாலு மாதம் இந்துவும் முஸ்லிமும் ஒரே அகழியில் நின்று செத்தார்கள். அந்த நாட்களில் லண்டனில் இருந்துகொண்டு அமெரிக்கப் பத்திரிகைக்கு இந்தக் கலகத்தைப் பற்றிக் கட்டுரைகள் எழுதிய மார்க்ஸ், பெர்னியர் புத்தகத்தையும் படித்திருந்தவர். ராஜாக்களின் டில்லியை அவர் அறிவார். சிப்பாய்களின் டில்லியையும் கவனித்தார்.

செப்டம்பரில் பிரிட்டிஷார் நகரைத் திரும்பப் பிடித்தார்கள். பகதூர் ஷாவின் பிள்ளைகளைச் சுட்டுக் கொன்றார்கள். நகரத்து ஜனங்களை வெளியே விரட்டினார்கள். திரும்பி வர முதலில் இந்துக்களை அனுமதித்தார்கள். முஸ்லிம்களை நெடுநாள் நகருக்கு வெளியே நிறுத்தினார்கள். சேர்ந்து போராடியவர்களைப் பிரிக்கிற வேலை அன்றே ஆரம்பமாகிவிட்டது.

கோட்டைக்குள் அந்தப்புர முற்றங்களையும் தோட்டங்களையும் பெரும்பகுதி இடித்துத் தள்ளி, அந்த இடத்தில் வெள்ளைக்காரச் சோல்ஜர்களுக்கு பாரக்குகள் கட்டினார்கள். இடிப்பதற்கு முன் ஒரு வரைபடம்கூட எடுத்து வைக்கவில்லையே என்று பெர்குசன் என்ற பிரிட்டிஷ் கட்டடக்கலை ஆசிரியரே கண்டித்து எழுதினார். கோட்டைக்கு வெளியேயும் பீரங்கி சுட வெட்டவெளி வேண்டும் என்று சுமார் 450 கெஜ தூரத்துக்கு வீடும் கடையும் மசூதியும் தரைமட்டம் ஆயின. இன்று செங்கோட்டையில் பார்க்கக் கிடைப்பது மிச்சம்தான். அழித்தது எந்த மதத்தான்? லாபத்துக்கு வந்த கம்பெனியும் அதன் பின்னால் வந்த ஏகாதிபத்தியமும்.

கோட்டையில் நடந்த இரண்டு விசாரணை

1858 ஜனவரியில் திவானி காஸ் மண்டபத்திலேயே பகதூர் ஷாவைக் கைதியாக நிறுத்தி ராணுவக் கமிஷன் விசாரித்தது. சொர்க்கம் என்று எழுதிய சுவரின் அடியிலேயே தீர்ப்பு! மார்ச்சில் விசாரணை முடிந்து ரங்கூனுக்கு நாடு கடத்தினார்கள். 1862-ல் அவர் அங்கேயே மாண்டார்.

எண்பத்தேழு வருஷம் கழித்து 1945 நவம்பரில் அதே கோட்டையில் இன்னொரு விசாரணை. இந்திய தேசிய ராணுவத்தைச் சேர்ந்த மூன்று அதிகாரிகள் கைதிக் கூண்டில் நின்றார்கள். ஷா நவாஸ் கான், பிரேம் குமார் செகால், குர்பக்ஷ் சிங் தில்லான். ஒரு முஸ்லிம், ஒரு இந்து, ஒரு சீக்கியர். இந்த ராணுவத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ரத்த பந்தம் உண்டு. மலேயா ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்க் கூலிகள் ஆணும் பெண்ணுமாக அதில் சேர்ந்தார்கள். அதன் பெண்கள் படைக்குத் தலைமை தாங்கிய சென்னைப் பெண் கேப்டன் லட்சுமி, பின்னாளில் கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். கம்யூனிஸ்டாக வாழ்ந்து 2012-ல் மறைந்தார்.

விசாரணையை எதிர்த்து நாடெங்கும் ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். மூவருக்கும் விதித்த ஆயுள் தண்டனையை 1946 ஜனவரியில் பிரிட்டிஷ் தளபதியே ரத்து செய்ய வேண்டியதாயிற்று. பிப்ரவரியில் பம்பாயில் கடற்படை மாலுமிகள் கலகம் செய்தார்கள். அவர்களுக்கு ஆதரவாகப் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர் மெஷினை நிறுத்திவிட்டு வீதிக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் 200 பேருக்கு மேல் பலியானார்கள். 1947 ஆகஸ்டு 16-ந் தேதி செங்கோட்டை மேல் நேரு ஏற்றிய கொடியில் அந்த ஆலைத் தொழிலாளர்களின் ரத்தமும் இருக்கிறது. வருஷா வருஷம் அந்த மேடையில் பேசுகிறவர்கள் அதைச் சொல்வதில்லை. ஆகவே நாம் சொல்கிறோம்.

மூன்று பேச்சுக்கும் பதில்

இனி ஆரம்பத்தில் சொன்ன மூன்று பேச்சுக்கு வருவோம்.

ராஜபக்திக்காரர்களுக்குப் பதில் மேலே சொல்லியாகிவிட்டது. ஒரு கோடி ரூபாயைக் கொடுத்தவன் குடியானவன். ஒன்பது வருஷம் உழைத்தவன் தொழிலாளி. சக்கரவர்த்தி கொடுத்தது உத்தரவு.

மதவெறியர்களே, உங்களுக்கு! டில்லியில் லால் கோட் என்று ஒரு பழைய கோட்டை உண்டு. தோமர் ராஜாக்கள் பதினோராம் நூற்றாண்டில் கட்டியது. அது தெற்கே மெஹரோலியில், குதுப்மினார் பக்கத்தில் இடிந்து கிடக்கிறது. செங்கோட்டையிலிருந்து பல மைல் தூரம். பெயரில் செம்மை இருப்பதால் இரண்டையும் ஒன்றாக்கி, இது ஷாஜஹான் கட்டியதல்ல என்று புத்தகம் போடுகிறீர்கள். மறுபுறம், 2023-ல் பன்னிரண்டாம் வகுப்பு மத்தியப் பாடத்திட்டச் சரித்திரப் புத்தகத்திலிருந்து மொகலாய தர்பார் பற்றிய பாடத்தையே எடுத்துவிட்டார்கள். மாணவர்களுக்குப் பாரம் குறைக்கிறோம் என்றார்கள். மொகலாய சக்கரவர்த்தியை ஏன் காப்பாற்றுகிறீர்கள் என்று எங்களைக் கேட்கிறீர்கள். சக்கரவர்த்திக்காக நாம் கண்ணீர் விடவில்லை. பாடத்தை எடுத்தால் சக்கரவர்த்தி மட்டுமா மறைகிறார்? பாதி விளைச்சலை வரியாகக் கொடுத்தவனும் மறைகிறான். கார்கானாவில் வேலை செய்தவனும் மறைகிறான். சுரண்டலின் சரித்திரத்தை மதத்தின் சரித்திரமாக மாற்றிவிட்டால், இன்று சுரண்டுகிறவன் தன் மதத்தானுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். உங்கள் உத்தேசம் அதுதான்.

மூன்றாவது, முதலாளிகள். 1947-க்குப் பிறகும் கோட்டையின் பெரும்பகுதி ராணுவத்திடம் இருந்தது. 2003 டிசம்பரில்தான் தொல்லியல் துறை கைக்கு வந்தது. 2007-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. 2018 ஏப்ரலில் மத்திய சர்க்கார் டால்மியா பாரத் கம்பெனியுடன் ஒப்பந்தம் போட்டது. ஐந்து வருஷத்தில் 25 கோடி ரூபாய் செலவில் கம்பெனி அங்கே வசதிகள் செய்து பராமரிக்கும் என்பது ஏற்பாடு. திருச்சி ஜில்லாவில் டால்மியாபுரம் என்று ஓர் ஊருக்கே பெயராகிவிட்ட அதே சிமெண்டுக் கம்பெனிதான்! கோட்டையை விற்கவில்லை, குடிதண்ணீர், கழிப்பறை, விளக்கு போன்றவற்றை மட்டுமே பார்த்துக்கொள்வார்கள், லாபம் எடுக்கமாட்டார்கள் என்று சர்க்கார் விளக்கம் சொன்னது.

இந்த விளக்கம் நமக்குப் போதாது. வருஷத்துக்கு ஐந்து கோடி ரூபாய். செங்கோட்டையில் குழாயும் விளக்கும் போட அந்தப் பணம் ஒரு சர்க்காரிடம் இல்லை என்பதை யார் நம்புவது? முதலாளிகளின் வரியைக் குறைக்கப் பணம் உண்டு. மூதாதையர் கட்டிய கோட்டையைப் பெருக்கித் துடைக்கப் பணம் இல்லையா? முதலில் வசதி செய்து கொடுப்பான். பிறகு பெயர்ப்பலகை வைப்பான். பிறகு டிக்கெட்டு யார் வாங்கலாம் என்று அவனே முடிவு செய்வான். ஆலையிலும் நிலத்திலும் இந்தப் பாடத்தை நாம் நிறையப் படித்திருக்கிறோம்.

கோட்டை இன்று யாருக்குத் திறக்கிறது என்பதற்கு இன்னொரு சாட்சி உண்டு. 2020 நவம்பரிலிருந்து டில்லி எல்லையில் மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து விவசாயிகள் வெயிலிலும் குளிரிலும் உட்கார்ந்திருந்தார்கள். 2021 ஜனவரி 26-ந் தேதி டிராக்டர் ஊர்வலம் நடத்தினார்கள். பெரும்பகுதியினர் ஒப்புக்கொண்ட பாதையில் போனார்கள். ஒரு பகுதியினர் விலகிச் செங்கோட்டைக்குள் நுழைந்தார்கள். அந்த விலகலைப் போராட்டத் தலைமை ஏற்கவில்லை. ஆனால் சர்க்கார் அந்த வருஷம் ஆகஸ்டு 15-க்கு முன்பு என்ன செய்தது? கோட்டை வாசலுக்கு எதிரே கப்பல் சரக்குப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் புதிதாக ஒரு மதில் எழுப்பியது! பாதுகாப்பு என்றார்கள். ஷாஜஹானும் அதையேதான் சொல்லியிருப்பார். அந்த வருஷ முடிவிற்குள் மூன்று சட்டங்களும் வாபஸ் ஆயின. இரும்பு மதில் நின்றது, சட்டம் நிற்கவில்லை.

நாம் கேட்பது

தோழர்களே! செங்கோட்டையை இடிக்கச் சொல்லவும் நாம் வரவில்லை. அதன் முன் கும்பிடு போடவும் வரவில்லை. நாம் கேட்பது இவ்வளவுதான்.

செங்கோட்டையும் நாட்டில் உள்ள எல்லாப் பழைய கோட்டைகளும் பொதுச் சொத்தாக, சர்க்கார் செலவில் காக்கப்பட வேண்டும். எந்தக் கம்பெனிக்கும் எந்தப் பெயரிலும் விடக்கூடாது. கூலிக்காரன் குடும்பத்தோடு போய்ப் பார்க்கிற கட்டணமே வேண்டும். அங்கே வைக்கிற பலகையில் கட்டச் சொன்னவன் பெயரோடு கட்டியவர்களின் தொழிலையும் எழுத வேண்டும். வரி எவ்வளவு, பஞ்சத்துக்குக் கொடுத்தது எவ்வளவு, சிம்மாசனத்துக்குக் கொடுத்தது எவ்வளவு என்ற கணக்கையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். கார்கானாக்களில் வேலை செய்தவர்களுக்கும் 1857-ன் சிப்பாய்களுக்கும் பள்ளிப் புத்தகத்தில் இடம் வேண்டும். எந்த மதத்தின் பெயராலும் ஒரு பக்கத்தையும் கிழிக்கக் கூடாது.

நம் ஊர்களிலும் கோட்டைகள் இருக்கின்றன, அரண்மனைகள் இருக்கின்றன, மாளிகைகள் இருக்கின்றன. பிள்ளைகளை அழைத்துப் போகும்போது ராஜாவின் பெயரைச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். இந்தக் கல் எந்த மலையிலிருந்து வந்தது, யார் தூக்கி வைத்தது, அன்றைக்கு அவன் வீட்டில் உலை கொதித்ததா என்று சேர்த்துச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய பிள்ளை, நாளை ஆலையிலும் வயலிலும் அதே கேள்வியைக் கேட்கும். ஆளுகிறவர்கள் அஞ்சுவது அதற்குத்தான்.